புகை எங்கே போனது?

சந்தை நாளில் ஏரியூர் கடைவீதியில் நிற்கும் வண்டிகளை வரிசையாகப் பார்த்தாலே போதும், கடந்த நாற்பது ஆண்டுகளில் எஞ்சின் வளர்ந்த கதை தெரிந்துவிடும். தீவன மூட்டையோடு நீலப் புகை கக்கும் பழைய மொபெட் ஒன்று நிற்கும். அதன் அருகே புகையே தெரியாத புதிய எக்ஸ்எல் வண்டி. பக்கத்தில் தவணையில் வாங்கிய மின் ஸ்கூட்டர். காய்கறி ஏற்றிய டீசல் லோடு ஆட்டோ. எல்லாருக்கும் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் அரசுப் பேருந்து.

இவற்றில் எதை வாங்குவது, எதை விடுவது என்பது இன்று பல குடும்பங்களில் பெரிய பேச்சு. "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான் முதல் கேள்வி. அதில் தவறில்லை. கூலி வேலைக்கும் பால் ஊற்றவும் வண்டியை நம்பியிருப்பவருக்கு ஒவ்வொரு லிட்டரும் வியர்வைதான். ஆனால் மனசாட்சியுள்ள மனிதர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு: இந்த வண்டியின் புகை எங்கே போனது?

புகை காணாமல் போவதற்கு மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, அது உண்மையிலேயே குறைந்திருக்கலாம். இரண்டு, அது மறைக்கப்பட்டிருக்கலாம். மூன்று, அது வேறு யாருடைய தலையிலோ இறக்கி வைக்கப்பட்டிருக்கலாம். புதிய வாகனத் தொழில்நுட்பங்களைப் பற்றிய பேச்சில் இம்மூன்றையும் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

ஓசூரிலிருந்து வந்த மாற்றம்

நாம் தொலைவில் எங்கும் போக வேண்டாம். ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூர், 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் சென்றது. அந்த ஓசூரில்தான் டி.வி.எஸ். நிறுவனம் 1980-இல் இருவர் செல்லக்கூடிய 'டி.வி.எஸ். 50' மொபெட்டைக் கொண்டுவந்தது. கிராமத்து விவசாயிக்கும் சிறு வியாபாரிக்கும் அதுவே முதல் வண்டி.

அது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். அந்த எஞ்சினில் எரிந்த புகை வெளியே போகும் அதே நேரத்தில் புதிய பெட்ரோல் கலவை உள்ளே வருகிறது. அதனால் உள்ளே வந்ததில் கணிசமான பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாக வெளியேறிவிடும். சில வேளைகளில் அது மூன்றில் ஒரு பங்கு வரைகூடப் போகும். காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலைக் காற்றில் கொட்டுவது போன்றதுதான் இது. போதாக்குறைக்குப் பெட்ரோலோடு கலந்த டூ-டி ஆயிலும் எரிந்து நீலப் புகையாக வரும். பின்னால் வருபவர் அதைச் சுவாசிக்க வேண்டும்.

2015-இல் அதே ஓசூர் நிறுவனம் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு எக்ஸ்எல் 100 வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த எஞ்சினில் கலவை உள்ளே வருவதற்கும் புகை வெளியே போவதற்கும் தனித்தனி வால்வுகள், தனித்தனி நேரம். எனவே பெட்ரோல் வீணாவது வெகுவாகக் குறைந்தது. 2020-இல் கார்புரேட்டரை எடுத்துவிட்டு, தேவையான பெட்ரோலை அளந்து தெளிக்கும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் முறை வந்தது. எஞ்சினின் சூட்டையும் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் சென்சார்கள் பார்த்துச் சொல்ல, ஒரு சிறு கணினி ஒவ்வொரு முறையும் எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று முடிவு செய்கிறது. அதே 2020-இல் அந்நிறுவனத்தின் ஐகியூப் மின் ஸ்கூட்டரும் விற்பனைக்கு வந்தது.

இங்கே புகை குறைந்தது உண்மை. பெட்ரோல் மிச்சமானதும் உண்மை. ஏழையின் வண்டியிலேயே இந்த மாற்றம் நடந்திருக்கிறது என்பது நாம் மகிழ வேண்டிய செய்தி. தூய்மையான தொழில்நுட்பம் பணக்காரரின் காரில் தொடங்கி அங்கேயே முடிந்துவிட்டால் அதனால் ஊருக்கு என்ன பயன்?

சட்டம் இல்லாமல் நடக்கவில்லை

இந்த மாற்றங்கள் நிறுவனங்களின் நல்லெண்ணத்தால் மட்டும் வந்துவிடவில்லை. சட்டமும் நீதிமன்றமும் பின்னால் நின்று தள்ளின. முன்பு பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் மட்டுமே விற்கப்பட்டது. பின்னர் பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதிகள் படிப்படியாக வந்தன.

2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 3 வாகனங்களை விற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அப்போது விற்காமல் தேங்கியிருந்த வாகனங்கள் 8 லட்சத்துக்கும் மேல். நிறுவனங்களின் வியாபார இழப்பைவிடக் கோடிக்கணக்கான மக்களின் உடல்நலம் பெரிது என்பதே தீர்ப்பின் சாரம். ஆனால் அதற்கு அடுத்த இரண்டு நாள்களில் நடந்தது என்ன? பெரும் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. நாடு முழுவதும் கடைகளில் கூட்டம் அலைமோதியது. நஞ்சு என்று நீதிமன்றம் ஒதுக்கியதை மலிவு என்று நம் மக்கள் வீட்டுக்கு ஓட்டி வந்தார்கள்.

ஐந்தாம் படியைத் தாண்டி நேராகப் பாரத் ஸ்டேஜ் 6-க்குச் செல்வது என்று 2016-இல் அரசு முடிவெடுத்தது. 2020 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு கிலோ டீசலில் 50 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகம் 10 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. டீசல் கார் ஒன்று ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடுகளின் அளவு 250 மில்லிகிராமிலிருந்து 80 மில்லிகிராமாக இறங்கியது. நுண்துகள் 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாகக் குறைந்தது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதிசெய்ததை நினைத்துப் பார்த்தால், இந்த எண்களின் பொருள் நமக்கு விளங்கும்.

இதற்காக லாரிகளிலும் பேருந்துகளிலும் புதிய கருவிகள் சேர்க்கப்பட்டன. கரித்துகளைப் பிடித்து வைத்து எரித்துவிடும் வடிகட்டி ஒன்று. யூரியா கரைசலைச் சூடான புகையில் தெளித்து, நைட்ரஜன் ஆக்சைடுகளைத் தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும் அமைப்பு மற்றொன்று. நாம் வயலுக்கு இடும் யூரியாவின் மிகத் தூய வடிவம் லாரியின் புகையைக் கழுவுகிறது என்பது வியப்புக்குரிய செய்திதான்.

மறைக்கப்பட்ட புகை

ஆனால் அறிவு வளர்ந்த அளவுக்கு நேர்மை வளராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உலகம் ஒரு பாடம் கற்றது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசல் கார்களைத் தூய்மையான கார்கள் என்று விளம்பரம் செய்தது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறு ஆய்வுக் குழு ஒன்று, காரின் பின்னால் கருவியைப் பொருத்திச் சாலையிலேயே ஓட்டிப் பார்த்தது. அக்குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்ற இந்தியப் பொறியாளர்களும் இருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் நல்ல பிள்ளையாக இருந்த கார், சாலையில் பல மடங்கு நஞ்சைக் கக்கியது.

காரணம் 2015 செப்டம்பரில் வெளிவந்தது. சோதனை நடக்கிறது என்பதைக் கண்டுகொண்டு, அப்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் ஒரு மென்பொருளை நிறுவனம் கார்களில் வைத்திருந்தது. சோதனை முடிந்தால் கட்டுப்பாடும் முடிந்தது. அமெரிக்காவில் சில கார்கள் அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிட்டன. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வாகனங்களில் அந்த மென்பொருள் இருந்தது. இந்தியாவிலும் 3 லட்சத்து 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2017-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

பையில் இரண்டு விதமான எடைக்கற்களை வைத்திருக்கக் கூடாது என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது ஒரு கல். அந்தப் பழைய பாவம்தான் கணினி உருவில் காருக்குள் ஏறி அமர்ந்தது. அதே நிறுவனத்தோடு சேர்ந்து 2023 நவம்பரில் வத்திக்கான், தன் வாகனங்களை 2030-க்குள் மின் வாகனங்களாக மாற்றும் திட்டத்தை அறிவித்தது. தவறியவர் திருந்தி வேறு வழியில் நடக்க இடம் உண்டு என்பதற்கு இதையும் ஒரு அடையாளமாகக் கொள்ளலாம்.

ஆனால் வெளிநாட்டு நிறுவனத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. வண்டி "இழுக்கவில்லை" என்று சைலன்சருக்குள் இருக்கும் புகை வடிகட்டும் பாகத்தை எடுத்துவிடுவது, யூரியா செலவை மிச்சப்படுத்த லாரியின் கணினியை ஏமாற்றும் கருவியைப் பொருத்துவது, வண்டியைக் காட்டாமலேயே புகைச் சான்றிதழ் வாங்குவது, ஊரே அதிரும் சைலன்சரை மாட்டிக்கொண்டு இளைஞர்கள் பறப்பது ஆகியவை நம் நாட்டிலும் நடக்கின்றன. அளவு சிறிதாக இருக்கலாம், பொய் ஒன்றுதான். பல ஆண்டு ஆராய்ச்சியில் வந்த கருவியை ஒரு ஸ்பேனர் ஐந்து நிமிடத்தில் பயனற்றதாக்கிவிடும்.

இடம் மாறிய புகை

அடுத்து மின் வாகனம். 2021-இல் போச்சம்பள்ளிப் பகுதியில் ஓலா நிறுவனத்தின் பெரிய ஆலையும் ஓசூரில் ஏத்தர் நிறுவனத்தின் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. பழைய தருமபுரி மாவட்டத்து மண் இன்று மின் ஸ்கூட்டர் தயாரிக்கும் மண். நம் பகுதி இளைஞர்களுக்கு அது வேலையும்கூட.

மின் ஸ்கூட்டருக்குச் சைலன்சரே இல்லை. அப்படியானால் புகை எங்கே போனது? ஏரியூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இருக்காது. நாகமரையில் நின்றால் நம் கண்முன் விரிவது மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. அந்த நீரின் மறுமுனையில் 1,440 மெகாவாட் திறன் கொண்ட மேட்டூர் அனல்மின் நிலையம் இருக்கிறது. அங்கே எரிவது நிலக்கரி. நாம் இரவில் சார்ஜ் போடும் மின்சாரத்தின் ஒரு பகுதி அப்படிப்பட்ட புகைபோக்கிகளிலிருந்துதான் வருகிறது. புகை கடைவீதியை விட்டுப் போயிருக்கிறது. மின் நிலையத்தின் அருகே வாழ்பவரை விட்டுப் போகவில்லை.

அப்படியானால் மின் வாகனம் வீணா? இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி 100 கிலோமீட்டர் ஓட 4.6 கிலோ வெளியிடும். அதே தூரத்துக்கு மின் ஸ்கூட்டருக்கு மூன்று அல்லது நான்கு யூனிட் மின்சாரம் போதும். நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ என்று வைத்தால் 3 கிலோவுக்கும் குறைவுதான். பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியைச் சூடாக வீணாக்குகிறது. மின் மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை. காற்றாலையும் சூரிய ஒளியும் பெருகப் பெருக அந்த அளவு இன்னும் குறையும். எனவே மின் வாகனம் முன்னேற்றமே. ஆனால் "என் வண்டியில் மாசே இல்லை" என்று சொல்வது முழு உண்மை ஆகாது. பேட்டரிக்கான கோபால்ட்டைத் தோண்டும் காங்கோ நாட்டுச் சுரங்கங்களில் சிறுவர்களும் உழைக்கிறார்கள் என்பதை உலகம் அறியும். அந்தச் சுமையும் கணக்கில் சேர வேண்டும்.

பாதுகாப்பும் அப்படியே. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் வண்டி இரவில் தீப்பிடித்து, புகையில் சிக்கித் தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டின் தீ விபத்துகளுக்குப் பிறகே பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. பழைய பேட்டரியைத் தயாரிப்பாளரே திரும்பப் பெற வேண்டும் என்ற விதியும் 2022-இல் வந்தது. விலை குறைவு என்று தரமற்ற பேட்டரியை வாங்குவது, படுக்கும் அறையில் இரவு முழுவதும் சார்ஜ் போடுவது ஆகியவற்றை நம் வீடுகளில் உடனே நிறுத்த வேண்டும்.

பெட்ரோலில் கலந்த கரும்பு

பெட்ரோலில் எத்தனால் கலப்பதும் இறக்குமதியைக் குறைத்து மாசைத் தணிக்கும் வழி என்றே கொண்டுவரப்பட்டது. 2022-இல் பத்து விழுக்காடு, 2025-இல் இருபது விழுக்காடு என்று இலக்கு எட்டப்பட்டது. அந்நியச் செலாவணி மிச்சமாகிறது, கரும்பு விவசாயிக்கு வருமானம் கிடைக்கிறது என்பவை நியாயமான நன்மைகள். பாலக்கோட்டிலும் அரூர் அருகே கோபாலபுரத்திலும் சர்க்கரை ஆலைகள் உள்ள மாவட்டத்தில் இதை யாரும் மறுக்க மாட்டோம்.

ஆனால் எத்தனாலில் லிட்டருக்கு ஆற்றல், பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதற்கெனத் தயாரிக்கப்படாத பழைய நான்கு சக்கர வாகனங்களில் மைலேஜ் ஆறு, ஏழு விழுக்காடும் இருசக்கர வாகனங்களில் மூன்று, நான்கு விழுக்காடும் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே சொன்னது. புதிய வண்டி வாங்க முடியாதவரே இந்த இழப்பைச் சுமக்கிறார். கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் கிடைக்கச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் தேவை என்பதும் அந்த அறிக்கையின் கணக்குதான். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, குடிப்பதற்கே ஒகேனக்கல்லிலிருந்து குழாய் வழியாகக் காவிரி நீரைக் கொண்டுவர வேண்டியிருந்த மாவட்டம் நம்முடையது. 2013-இல்தான் அத்திட்டம் மக்களுக்குக் கிடைத்தது. தண்ணீரின் அருமை தெரிந்த நாம், புகைக்குப் பதிலாகத் தண்ணீரை எரிக்கிறோமா என்று கேட்பது நியாயமே.

மிச்சம் யாருக்கு?

இன்னொரு உண்மையும் உண்டு. எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் எந்திரம் வந்தால் மொத்தச் செலவு குறையும் என்று நினைக்கிறோம். ஆனால் நீராவி எந்திரங்கள் சிக்கனமாக ஆக நிலக்கரிச் செலவு கூடியதை ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1865-லேயே சுட்டிக்காட்டினார். நம் வீட்டிலும் அப்படித்தான். மைலேஜ் நன்றாக இருக்கிறது என்பதற்காக அடுத்த தெருக் கடைக்கும் வண்டியை எடுக்கிறோம். மிச்சப்படுத்திய பெட்ரோலை அப்படியே மீண்டும் எரித்துவிடுகிறோம்.

உண்மையான சிக்கனம் பலர் சேர்ந்து பயணம் செய்வதில் இருக்கிறது. ஒரு பேருந்து லிட்டருக்குச் சுமார் 5 கிலோமீட்டர்தான் ஓடும். ஆனால் அதில் 50 பேர் இருந்தால், ஒருவருக்கு லிட்டருக்கு 250 கிலோமீட்டர் என்றாகிறது. எந்த மொபெட்டும் இதற்கு ஈடாகாது. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியபோது, அது சமூக நீதி மட்டுமன்று, சுற்றுச்சூழலுக்கும் செய்த நன்மை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில், தனி வாகனங்கள் பெருகுவதால் வரும் கேட்டையும், பொதுப் போக்குவரத்துக்கு முன்னுரிமை தர வேண்டியதையும் எடுத்துரைத்தார். மக்கள் மதிப்போடு பயணம் செய்யும் நிலை வேண்டும் என்றும் கேட்டார்.

சென்னையில் 2025 ஜூன் 30 அன்று 120 தாழ்தளப் பேருந்துகள் மின்சாரத்தில் ஓடத் தொடங்கின. நல்லது. ஆனால் பென்னாகரம், ஏரியூர் போன்ற பகுதிகளுக்குப் புதிய பேருந்து கடைசியாகத்தான் வர வேண்டுமா? பேருந்து நேரத்துக்கு வராததால்தான் இங்கே ஒரு குடும்பம் கடன்பட்டு வண்டி வாங்குகிறது. தூய்மையான தொழில்நுட்பத்துக்குச் செலவிடும் பொதுப்பணத்தில் முதல் பங்கு ஏழைகள் ஏறும் பேருந்துக்கே போக வேண்டும். அதைக் கேட்கும் உரிமை கிராம சபையில் நமக்கு உண்டு.

நாம் செய்யக்கூடியவை

பழைய வண்டி வைத்திருப்பவர் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. முறையாகக் காற்று அடைத்து, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, நேரத்துக்கு ஆயில் மாற்றி ஓட்டினால் பெட்ரோலும் மிச்சமாகும், புகையும் குறையும். கடை முன் பேசிக்கொண்டு நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடலாம். புகைச் சான்றிதழை உண்மையான சோதனைக்குப் பிறகே வாங்குவோம். மெக்கானிக் தொழில் செய்யும் தம்பிமார்கள், புகை வடிகட்டும் பாகத்தை எடுத்துத் தரச் சொல்லும் வாடிக்கையாளரிடம் "முடியாது" என்று சொல்லும் துணிவு கொள்ளட்டும். புதிதாக வாங்குபவர், நாள்தோறும் ஓடும் தூரத்தையும், கடனையும், அருகில் பழுதுபார்க்க ஆள் உண்டா என்பதையும் பார்த்து முடிவெடுக்கட்டும். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் போகும்போது நான்கு குடும்பங்கள் நான்கு வண்டியில் போவதைவிட ஒரே வண்டியில் சேர்ந்து போகலாம்.

அன்பிற்குரியவர்களே, அறிவியல் புகையைக் குறைத்துத் தருகிறது. அதை மறைக்காமலும், அடுத்தவர் மேல் தள்ளிவிடாமலும் இருப்பது நம் கையில் இருக்கிறது. கடைவீதியில் நம் வண்டிக்குப் பின்னால் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்து வரும் தாயும் நம் அயலார்தான். மேட்டூரில் புகைபோக்கியின் அருகே வாழ்பவரும் அப்படியே. அவர்கள் சுவாசிக்கும் காற்றுக்கு நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள். அடுத்த முறை வண்டி வாங்கப் போகும்போது மைலேஜ் எவ்வளவு என்று கேட்போம். கூடவே, இதன் புகை எங்கே போகிறது என்றும் கேட்போம்.